கணக்கைக் காட்டுங்கள்!

2021ஆம் ஆண்டு. கொள்ளை நோய் நாட்டைக் கவ்விப் பிடித்திருந்த காலம். பள்ளிக்கூடக் கதவுகள் அடைபட்டுக் கிடந்தன. பாடங்கள் கையடக்கத் தொலைபேசி வழியாக வீடு தேடி வரும் என்றார்கள் கொழும்பிலே. வீட்டில் தொலைபேசி உண்டா, அதற்கு அலை கிடைக்குமா என்று கேட்பார் இல்லை. அந்நாளில் நமது லுணுகலைப் பகுதியிலே, காடு சூழ்ந்த மலையுச்சியில், தரையிலிருந்து ஏறத்தாழ 30 அடி உயரத்தில் இருந்த மரப் பரணுக்குப் பெரியவர்கள் பிள்ளைகளைத் துணையாக அழைத்துச் சென்றார்கள். பிள்ளைகள் முறை வைத்து மேலே ஏறி, எழுதிய பாடத்தை அனுப்பி, அடுத்த பாடத்தை இறக்கிக்கொண்டு வந்தார்கள். உலகச் செய்தி நிறுவனங்கள் அதைப் பற்றி எழுதின. படித்தவர்கள் வியந்தார்கள். வியந்துவிட்டு மறந்தார்கள்.

நோய் போயிற்று. பள்ளிக்கூடம் திறந்தது. ஆனால் தவணைக்கு வாங்கியும் தோட்டை அடகு வைத்தும் வீட்டுக்குள் வந்த தொலைபேசி போகவில்லை. பாடம் வந்த அதே வழியிலே இன்று வேறொன்று வந்து இறங்குகிறது. அதைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத விழைகிறோம். பொழுதுபோக்கைப் பற்றி ஓர் அரசியல் ஏடு ஏன் எழுதவேண்டும் என்று எண்ணும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். உழைப்பவனின் பணம் அவன் அறியாமல் எங்கே போகிறதோ, அங்கே அரசியல் இருக்கிறது.

விளையாட்டு இலவசம், வேடம் விலைக்கு!

பாசறையிலிருந்து பிபிலைக்குப் போகும் நெடுஞ்சாலையோரத்தில், மாலை வேளையில் எந்தக் கடை வாசலிலும் நின்று பாருங்கள். நான்கைந்து பிள்ளைகள் தலை குனிந்து நிற்பார்கள். கையிலே 'பிரீ பயர்' இருக்கும். அல்லது 'பப்ஜி' இருக்கும். முன்னது சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கரீனா நிறுவனம் 2017இல் வெளியிட்டது. விலை குறைந்த தொலைபேசியிலும் ஓடும். இறக்கிக்கொள்ளக் காசு வேண்டியதில்லை. ஆகவேதான் அது லயத்து வாசல் வரை வந்து சேர்ந்தது.

காசு பின்னாலே வருகிறது. ஆட்டத்துக்குள் போர்வீரனுக்கு உடை வேண்டுமா? விலை. துப்பாக்கிக்குப் பொன்னிறம் பூச வேண்டுமா? விலை. அந்த உடையும் நேரடியாகக் கிடைக்காமல், சக்கரத்தைச் சுழற்றி, அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும் என்றால்? ஒவ்வொரு சுழற்சிக்கும் விலை! இந்த விலையோ ரூபாயில் சொல்லப்படுவதில்லை. 'வைரம்' என்கிறார்கள். முதலில் ரூபாயைக் கொடுத்து வைரத்தை வாங்க வேண்டும். பிறகு வைரத்தைக் கொடுத்து உடையை வாங்க வேண்டும். வைரத்தையும் நமக்கு வேண்டிய அளவில் வாங்க இயலாது. அவர்கள் கட்டி வைத்த பொதியாகத்தான் வாங்கலாம். வேண்டியது ஓரளவு, பொதியில் இருப்பது வேறோர் அளவு. மிஞ்சியது கணக்கில் கிடக்கும். பற்றாக்குறையானால் இன்னொரு பொதி வாங்க வேண்டும்.

இந்த வாணிபம் எங்கே தொடங்கியது? விளையாட்டுக்கு மேலதிகப் பகுதிகளை விற்பது பழைய வழக்கம். அதிலே நேர்மையானதும் உண்டு. போலந்து நாட்டு நிறுவனமொன்று 'விட்சர்' என்ற தன் விளையாட்டுக்கு 2016இல் வெளியிட்ட இரண்டாம் மேலதிகப் பகுதி, ஒரு புதிய நிலப்பரப்பும் புதிய கதையுமாக, தனி விளையாட்டொன்றுக்கு ஈடாக அமைந்திருந்தது. ஒரு விலை, அதற்கு ஒரு பொருள். நாவலின் இரண்டாம் பாகத்தை வாங்குவது போல. அதனை யார் குறை கூறுவார்?

ஆனால் அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 2006ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 'ஒப்லிவியன்' என்ற விளையாட்டிலே குதிரைக்கு ஒரு கவசம் விற்றது. வெறும் அலங்காரக் கவசம். விலை இரண்டரை டொலர். ஆனால் கடையில் எழுதியிருந்தது 200 'புள்ளி'. விளையாடுவோர் எள்ளி நகையாடினர். நகைத்தவர்கள் ஓய்ந்தார்கள்; விற்றவர்கள் ஓயவில்லை. மைக்ரோசொப்ட் அந்தப் புள்ளிமுறையை 2013இல் கைவிட்டது. ஆயினும் புள்ளி போய் வைரம் வந்தது. அன்று விற்ற குதிரைக் கவசத்தின் பேரப்பிள்ளைகளே இன்று நம் பிள்ளைகள் வாங்கும் உடையும் பொற்றுப்பாக்கியும்.

இரண்டரை டொலர் பெரிய தொகையா என்று கேட்கலாம். இன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 750 ரூபாய். 2024 செப்டம்பரில் வர்த்தமானி மூலம் வகுக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாய். 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்திலே அதனை 1550 ஆக்கி, அரசு வழங்கும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாயும் சேர்த்து 1750 ஆக்கும் யோசனை கூறப்பட்டது. அந்தச் சில நூறு ரூபாய்க்காக எத்தனை ஆண்டுப் பேச்சுவார்த்தை, எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை வாக்குறுதி! பனியிலே நின்று, அட்டைக்கடி பட்டு, கூடை நிறைத்துத் தாய் ஈட்டும் அரை நாட்கூலி ஒரு பொம்மைக் குதிரையின் கவசத்துக்குச் சமம். இது பெரிய தொகையா இல்லையா என்பதை அந்தத் தாயிடம் கேளுங்கள்.

வில்லையும் துண்டும்

இந்தச் சூழ்ச்சி நமக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் கண்டதே.

19ஆம் நூற்றாண்டிலே, கோப்பிப் பயிர் செழித்த காலத்தில், கொழும்பிலே கோப்பிக்கொட்டை பதப்படுத்திய ஆலைகள் சில தமக்கென்று சொந்த வில்லைகளை அடித்துக் கூலியாட்களுக்குக் கொடுத்தன. அவற்றிற் சில இன்றும் நாணயம் சேகரிப்போரிடம் உள்ளன. நாட்டின் நாணயத்தை எந்தக் கடையிலும் கொடுத்து எதனையும் வாங்கலாம். முதலாளியின் வில்லைக்கோ மதிப்புச் சொல்பவன் அவனே. இந்த வழக்கத்தின் தீமையை உணர்ந்துதான் இங்கிலாந்திலே 1831ஆம் ஆண்டிலேயே, குறிப்பிட்ட தொழில்களில் கூலியை நாணயமாகவே கொடுக்க வேண்டும், பண்டமாகக் கொடுக்கலாகாது என்று சட்டம் செய்தார்கள். நம் நாட்டிலும் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் சம்பளத்தைச் செல்லுபடியாகும் நாணயத்திலே கொடுக்கப் பணிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அதன் பெயர் 'துண்டு'. கங்காணியின் கீழ் வந்த தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால், அவன் பட்ட கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அக்கடனைக் கட்டும். கட்டிய கடன் மீண்டும் அவன் தலையிலேயே ஏறும். கடலைக் கடக்கும் முன்பே தொடங்கிய கணக்கு, அரிசி, கம்பளி என்று வளர்ந்துகொண்டே போகும். எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. எழுதியவர் வேறு, எழுதிய ஏடு வேறிடத்தில். கேட்டால் "கணக்கு இருக்கிறது" என்பார்கள். இருந்தது உண்மை, காட்டப்படவில்லை என்பதும் உண்மை. 1921இல் சட்டம் கொண்டுவந்து அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இன்றைய விளையாட்டுக் கடையும் அன்றைய கொடுமையும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. அன்று வயிற்றுக்காகக் கடன்பட்டான். இன்று விருப்பத்துக்காகச் செலவிடுகிறான். அன்று முதலாளி கூலிக்குப் பதிலாக வில்லையைக் கொடுத்தான். இன்று நாமே கூலியைக் கொண்டுபோய் வில்லையாக மாற்றுகிறோம். வேற்றுமை பெரிது. ஆனால் சூட்சுமம் ஒன்று: விலையை நாணயத்திலே சொல்லாதே, கணக்கை மக்களின் கண்ணிலே காட்டாதே. அந்தச் சூட்சுமத்தைத் தோட்டத்து வாசலிலிருந்து விரட்ட ஒரு தலைமுறை போராடியது. அது இன்று பின்வாசல் வழியே, பிள்ளையின் சட்டைப்பைக்குள் வந்து அமர்ந்திருக்கிறது.

வாங்கியது யாருடையது?

விலை கொடுத்தவனுக்குப் பொருளாவது சொந்தமா என்றால் அதுவும் இல்லை. பிரான்சு நாட்டு யுபிசொப்ட் நிறுவனம் 'த க்ரூ' என்ற தன் வண்டியோட்டப் பந்தய விளையாட்டை 2024 மார்ச் 31ஆம் நாளோடு மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அது அத்துடன் இயங்காது போயிற்று; வாங்கிய மேலதிக வண்டிகளும் அதனோடு மறைந்தன. அதன் பின்னர் எழுந்த குரலால் ஐரோப்பாவிலே பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் 2025இல் மனுவிலே கையொப்பமிட்டார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமோ 2024இல் ஒரு சட்டம் செய்தது: வாங்குபவனுக்குக் கிடைப்பது உடைமையன்று, அனுமதி மாத்திரமே என்றால் அதனை விற்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

உடைமை வேறு, இருக்க அனுமதி வேறு என்பதை மலையகத் தமிழனுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023இலே நினைவுகூர்ந்தோம். இன்றும் லயத்துக் காம்பராவுக்கு உறுதி இல்லாத குடும்பங்கள் எத்தனை! இருக்கலாம், ஆனால் உனதன்று என்ற சொல்லின் கசப்பை நாம் நன்கறிவோம். அதே சொல்லைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

பிள்ளையைப் பழிப்பது எளிது

"பெற்றோர் கண்டிக்க வேண்டும், பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள்" என்று மேடையிலே முழங்குவோர் உளர். அது எளிய பேச்சு. பிள்ளை ஏன் அந்த உடையை விரும்புகிறான் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தார்களா?

அந்த ஆட்டத்துக்குள் அவன் தோட்டத்துப் பையன் அல்லன். கொழும்புப் பிள்ளையும் கண்டிப் பிள்ளையும் அவனோடு ஒரே அணியில் நிற்கிறார்கள். அவன் லயத்திலிருந்து ஆடுகிறான் என்று எவருக்கும் தெரியாது. அங்கே அவன் திறமை ஒன்றே பேசுகிறது. எத்தனை பெரிய விடுதலை! ஆனால் விற்பவன் அங்கேயும் ஒரு மேட்டையும் பள்ளத்தையும் வெட்டி வைத்திருக்கிறான். உடை வாங்காதவன் முதல் நாள் கொடுத்த உடையிலேயே நிற்கிறான். பார்த்தவுடன் ஏழை என்று தெரிந்துவிடுகிறது. ஏளனம் தொடங்குகிறது. இனி அந்தப் பிள்ளை கேட்பது அலங்காரத்தையா? அல்ல, மானத்தை. மானத்தை விலைக்கு வைத்தவனை விட்டுவிட்டு, மானத்தை விரும்பிய பிள்ளையை அடிப்பது என்ன நியாயம்?

பெற்றோர் கண்காணிக்கலாமே என்கிறார்கள். ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து மலைக்குப் போகிறாள், மாலையிலே திரும்புகிறாள். தொலைபேசியில் போட்ட பணம் குறைந்திருக்கிறது. தொலைபேசி மீதியிலிருந்தே விலையைக் கழித்துக்கொள்ளும் வசதி இருப்பது அவளுக்குத் தெரியாது. வந்த குறுஞ்செய்தியோ ஆங்கிலத்தில். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் முதல் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி என்கிறது அரசியலமைப்பு. ஆனால் தமிழ்த் தாயின் பணம் கழிந்த கணக்கு அவளுக்குத் தெரியாத மொழியில் வருகிறது! படிக்க இயலாத சீட்டைக் கையிலே கொடுத்துவிட்டு, "ஏன் படிக்கவில்லை?" என்று கேட்பது கங்காணி காலத்து வழக்கம்.

பெற்றோரின் பொறுப்பு எங்கே முடிகிறது, விற்பவனின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று. 'போர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம் பற்றி அந்நாட்டு வாணிப ஆணைக்குழு 2022 டிசம்பரில் நடவடிக்கை எடுத்தது. பொத்தான்களைக் குழப்பமாக அமைத்து வேண்டாத பொருளை வாங்கச் செய்தார்கள். பெற்றோர் இசைவின்றிப் பிள்ளைகள் செலவிட இடம் விட்டார்கள். தவறாகக் கழிந்த பணத்தைப் பற்றி முறையிட்டவர்களின் கணக்கையே பூட்டினார்கள் என்பன குற்றச்சாட்டுகள். வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க 24.5 கோடி டொலரும், சிறுவரின் தனித்தகவல் காப்புச் சட்டத்தை மீறியதற்கு 27.5 கோடி டொலர் தண்டமும் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. உலகின் செல்வந்த நாட்டிலே, ஆங்கிலம் படித்த பெற்றோரே ஏமாந்தார்கள் என்றால், நம் தாயைக் குறை கூறுவது எப்படி?

தடை வேண்டா, தராசு வேண்டும்

ஆகவே விளையாட்டைத் தடை செய்துவிடலாமா? இந்தியா பப்ஜியை 2020இலும் பிரீ பயரை 2022இலும் தடுத்தது. காரணம் நாட்டின் பாதுகாப்பு என்றது. பப்ஜி அடுத்த ஆண்டே வேறு பெயரிலே திரும்பி வந்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தையும் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. சூதை ஒடுக்குவது நன்றே. ஆனால் பணப் பரிசை எதிர்நோக்கிக் கட்டும் பணமே அதன் இலக்கு. பணப் பரிசே இல்லாது உடையை விற்கும் கடைக்கு அது விடையாகாது.

பெல்ஜியம் நாடு வேறு வழி சென்றது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டியைக் காசுக்கு விற்பது சூதாட்டமே என்று அந்நாட்டு ஆணைக்குழு 2018இல் முடிவு செய்தது. காற்பந்து விளையாட்டை விற்ற பெரிய நிறுவனமே மறு ஆண்டு அங்கே அந்த விற்பனையை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பாவனையாளர் பாதுகாப்பு அமைப்புகளோ 2025 மார்ச்சில் ஒரு நெறியை வகுத்தன: விளையாட்டுக் காசிலே விலை சொன்னால் உண்மை நாணயத்திலும் அதன் விலை தெரிய வேண்டும், வேண்டாத அளவை வாங்க வற்புறுத்தலாகாது. நாம் மேலே சொன்ன சூட்சுமத்தின் வேரிலேயே வைத்த கோடரி அது.

இலங்கையிலே இதற்கு வழியில்லையா? உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், கடை வைத்தவன் விலைப்பட்டியலை வெளிப்படையாக வைக்க வேண்டும் என்கிறது. லுணுகலைக் கடைவீதியில் பருப்பு விற்பவன் விலையை எழுதித் தொங்கவிடாவிட்டால் அதிகாரி வந்து வழக்குப் போடுகிறார். கடலுக்கு அப்பாலிருந்து நம் பிள்ளைக்கு உடை விற்பவனுக்கு மாத்திரம் விதிவிலக்கா? "வெளிநாட்டு நிறுவனம், எட்டிப் பிடிக்க இயலாது" என்று அரசு சொல்லக் கூடாது. வெளிநாட்டிலிருந்து மின்னியல் சேவை வழங்குவோரிடமும் பெறுமதி சேர் வரி அறவிட 2025இல் சட்டத்தைத் திருத்திய அரசு இது. வரிக்கு எட்டும் கை விலைக்கு எட்டாதா?

எனவே நாம் கேட்பன ஐந்து. ஒன்று: இலங்கையிலே விற்கப்படும் ஒவ்வொரு விளையாட்டுப் பொருளுக்கும் ரூபாயிலே விலை தெரிய வேண்டும். இரண்டு: அதிர்ஷ்டச் சக்கரமும் மூடிய பெட்டியும் சிறுவருக்கு விற்கப்படலாகாது. மூன்று: தொலைபேசி மீதியிலிருந்து விலையைக் கழிக்கும் வசதி, உரியவர் கேட்டுப் பெற்றாலன்றிப் பூட்டியே இருக்க வேண்டும். நான்கு: கழித்த கணக்குத் தமிழிலும் சிங்களத்திலும் உடனே வர வேண்டும். ஐந்து: பிள்ளை அறியாது வாங்கியதை மீளக் கொடுத்துப் பணம் பெறும் உரிமை, கணக்கைப் பூட்டுவோம் என்ற மிரட்டலின்றிக் கிடைக்க வேண்டும். பாவனையாளர் அதிகார சபையும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் ஒன்றாக அமர்ந்து செய்யத்தக்க காரியங்கள் இவை. நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் இதற்கு ஒரு கேள்வியேனும் எழுப்பட்டும்.

நமக்கும் கடமை உண்டு. சட்டத்தரணிகள் தோட்டத்து மனிதனுக்காக ஒரு முறைப்பாட்டை எழுதிக் கொடுக்கட்டும். ஆசிரியர்கள் கணிதப் பாடத்திலே ஒரு நாள் வைரத்தை ரூபாயாக்கும் கணக்கைக் கரும்பலகையில் போடட்டும். பிள்ளையே போட்டுப் பார்த்தால் நூறு அறிவுரைக்கு அது மேல். விவசாயப் பெருமக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நெல்லை நிறுக்கும்போது தராசின் முள்ளைப் பார்க்காமல் மூட்டையைக் கட்ட விடுவார்களா அவர்கள்? அந்தக் கண்ணைப் பிள்ளைக்கும் கொடுங்கள்.

மரத்தின் மேல் ஏறிப் பாடத்தை இறக்கிய பிள்ளைகள் நம்முடையவர்கள். அவர்கள் விளையாடட்டும், வெல்லட்டும். விலை கொடுத்து வாங்க விரும்பினால் வாங்கவும் செய்யட்டும். ஆனால் எவ்வளவு கொடுத்தோம், எதற்குக் கொடுத்தோம் என்று அறிந்து கொடுக்கட்டும். கங்காணியின் ஏட்டைக் காட்டு என்று கேட்கத் தெரியாததால் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கடனிலே கிடந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்காக நாம் கேட்போம்: கணக்கைக் காட்டுங்கள்!